ஒரே பந்தியில் உட்காராதவர்கள் ஒரே சபையா? வாசகர் கேள்வி பதில்

இனம், நிறம், திருச்சபையின் ஒருமை என்று வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். சில கேள்விகள் கோபமாக வந்தன. அந்தக் கோபத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று கலாத்தியர் 3:28 தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்துவுக்குள் வந்தபிறகு இனமே கிடையாது. பிறகு ஏன் சிலர் சபைக்குள் இந்தப் பேச்சைக் கொண்டுவருகிறார்கள்? பேசப் பேசத்தானே பிரிவினை வளர்கிறது?

அந்த வசனத்துக்கு ஓர் அதிகாரம் முன்னால் போய் வாசியுங்கள். அந்தியோகியாவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பவுல் சொல்கிறார். பேதுரு அங்கே புறஜாதி (அதாவது யூதரல்லாத) விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், என்ன நினைப்பார்களோ என்று பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பர்னபாவும் சேர்த்து. இதில் பேதுரு தன் உபதேசத்தில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. புறஜாதியாருக்கு இரட்சிப்பு இல்லை என்று அவர் சொல்லவே இல்லை, புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னவரே அவர்தான். சாப்பிட உட்காரும் இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். அதற்காகத்தான் பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேர் எதிர்த்தார். இது "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" நடப்பதில்லை என்றார்.

ஆக, சபைக்குள் இனப் பிரச்சினையைச் சபையார் முன்னிலையிலேயே எழுப்பியவர் நீங்கள் மேற்கோள் காட்டுகிற அதே பவுல்தான். யூதன், கிரேக்கன் என்ற அடையாளங்கள் மறைந்துபோயின என்று அவர் நினைத்திருந்தால் ரோமர் 11:1-ல் தன்னை இஸ்ரவேலன், பென்யமீன் கோத்திரத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். அதே 3:28-ல் ஆண், பெண் என்ற ஜோடியும் வருகிறது. அதை வைத்து ஆணும் பெண்ணும் உலகத்தில் இல்லாமல் போய்விட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லையே. வெளிப்படுத்தின விசேஷம் 7:9-ல் சிங்காசனத்துக்கு முன் நிற்கிற திரளான கூட்டம் சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து வந்தது என்று யோவானுக்குத் தெரிகிறது. பார்த்தாலே தெரிகிற அளவுக்கு வித்தியாசங்கள் அங்கேயும் இருக்கின்றன. அந்த வித்தியாசம் கடவுளிடம் நெருங்குவதற்கும் சபையில் உட்காருவதற்கும் ஒரு தரவரிசையாக இருப்பதைத்தான் பவுல் மறுக்கிறார்.

பேசினால் பிரிவினை வளரும் என்கிறீர்கள். அந்தியோகியாவில் பவுல் வாயைத் திறப்பதற்கு முன்பே பந்தி இரண்டாகிவிட்டிருந்தது.

கேள்வி: யூதர்–புறஜாதியார் விவகாரம் மதம் சம்பந்தப்பட்டது. வெள்ளையர்–கறுப்பர் விவகாரம் வேறு. இரண்டையும் முடிச்சுப் போடுவது சரியான வேத வியாக்கியானமா?

பாதி சரி. தோல் நிறத்தை வைத்து மொத்த மனிதகுலத்தையும் மேல் கீழ் என்று அடுக்கும் ஏற்பாடு பவுலுக்குத் தெரியாது. அது அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. ஆரம்பத்தில் "இவர்கள் அஞ்ஞானிகள்" என்பதே அடிமைத்தனத்துக்குப் போதுமான நியாயமாக இருந்தது. அப்புறம் அடிமைகள் ஞானஸ்நானம் பெற ஆரம்பித்தார்கள். கிறிஸ்துவுக்குள் சகோதரனாகிவிட்டவனை எப்படிச் சொத்தாக வைத்திருப்பது என்ற கேள்வி வந்தது. வர்ஜீனியா காலனியின் சட்டமன்றம் 1667-ல் இதற்கு ஒரு சட்டமே போட்டது: ஞானஸ்நானம் பெற்றாலும் ஒருவருடைய அடிமை நிலை மாறாது. எஜமானர்கள் இனிக் கவலையில்லாமல் தங்கள் அடிமைகளைக் கிறிஸ்தவர்களாக்கலாம் என்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கம். எனக்கு இது வெறும் அரசியல் வரலாறாகத் தெரியவில்லை. ஞானஸ்நானம் எதை மாற்றும், எதை மாற்றாது என்று ஒரு சட்டமன்றம் தீர்ப்புச் சொன்னது, சபை அதை ஏற்றுக்கொண்டது.

மற்ற பாதிக்கு வருகிறேன். எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார் பிராகாரத்துக்கும் உள் பிராகாரத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. அதைத் தாண்டுகிற அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டு ஒன்று 1871-ல் கிடைத்தது, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு பட்டணத்தானாகிய துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்துத்தான் ஜனங்கள் பவுலை அடித்துக் கொல்லப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 21). இப்போது எபேசியர் 2:14-ல் "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்ற வார்த்தைகளை வாசித்துப் பாருங்கள். பிறப்பை வைத்து ஒருவரை வெளியே நிறுத்தும் சுவர் எந்தப் பெயரில் வந்தாலும் அந்த வசனம் அதற்குப் பொருந்தும்.

கேள்வி: நோவா காமைச் சபித்ததால் கறுப்பினத்தவர் அடிமைகளானார்கள் என்று சிறுவயதில் ஒரு போதகர் சொல்லிக் கேட்டேன். அது உண்மையில் வேதத்தில் இருக்கிறதா?

இல்லை. ஆதியாகமம் 9:25 "கானான் சபிக்கப்பட்டவன்" என்கிறது. சாபம் காமின் மேல் விழவே இல்லை, அவன் மகன்களில் ஒருவனான கானான்மேல் விழுகிறது. அடுத்த அதிகாரத்தில் கானானின் சந்ததி யார் யார் என்ற பட்டியல் இருக்கிறது: சீதோன், ஏத், எபூசியர், எமோரியர். எல்லாம் பாலஸ்தீனத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். எகிப்துக்குத் தெற்கே இருந்த ஆப்பிரிக்க ஜனங்களுக்கு மூதாதையாகச் சொல்லப்படுகிறவன் காமின் இன்னொரு மகனான கூஷ். அவனுக்கு எந்தச் சாபமும் இல்லை. இத்தனைக்கும் சபித்தவர் குடித்துத் தெளிந்து எழுந்த நோவா, கடவுள் அதை உறுதிப்படுத்தியதாக ஒரு வரிகூடக் கிடையாது. இவ்வளவு பலவீனமான அஸ்திவாரத்தின் மேல் சில நூற்றாண்டுகள் பிரசங்கம் செய்திருக்கிறார்கள் என்றால், வசனம் அவர்களுக்கு ஒரு சாக்கு, லாபம்தான் காரணம்.

எண்ணாகமம் 12-ஐயும் சேர்த்து வாசியுங்கள். மோசே எத்தியோப்பியா தேசத்துப் பெண்ணை மணந்ததற்காக மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசுகிறார்கள். கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது, யாருடைய தோல் வெளுத்துக் குஷ்டமானது என்று பாருங்கள்.

கேள்வி: ஒரே மொழி, ஒரே இனத்தார் தங்களுக்குள் சபையாகக் கூடினால் சுவிசேஷம் வேகமாகப் பரவுகிறது. அதில் என்ன தப்பு? கறுப்பினத்தவரே தனித் திருச்சபைகள் வைத்திருக்கிறார்களே, அதை யாரும் கேட்பதில்லை!

நீங்கள் சொல்கிற முதல் வாதத்தை மிஷனெரி டொனால்ட் மெக்காவ்ரன் பெரிய கொள்கையாகவே வளர்த்தார். இனம், மொழி, வர்க்கம் என்ற தடைகளைத் தாண்டாமலேயே கிறிஸ்தவராக மக்கள் விரும்புகிறார்கள், அதனால் ஒத்த மக்கள் கூட்டமாகவே அவர்களை அணுக வேண்டும் என்றார். அதற்குக் கடுமையாகப் பதில் சொன்னவர்களில் எக்வடோரைச் சேர்ந்த ரெனே படிய்யா முக்கியமானவர். அப்போஸ்தலர்கள் ஒருபோதும் அப்படிச் சபைகளை நட்டதில்லை, யூதரும் புறஜாதியாரும் சேர்ந்து உட்காருவது எவ்வளவு தொல்லை தந்தாலும் அந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்காக இரண்டு சபைகள் ஆரம்பிக்கவில்லை என்பது அவர் வாதம். 1977-ல் உலக சுவிசேஷப் பணிக்கான லொசான் இயக்கம் அமெரிக்காவின் பாசடினாவில் இரு தரப்பையும் கூட்டிவைத்துப் பேசியது. நான் படிய்யாவின் பக்கம். அந்தியோகியாவில் இரண்டு பந்தி போட்டிருந்தால் ஒருவேளை எண்ணிக்கை கூடியிருக்கும், ஆனால் கலாத்தியர் நிருபம் நமக்குக் கிடைத்திருக்காது.

அதற்காக, புது நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் தாய்மொழியில் ஆராதிக்கக் கூடுவதை நான் குறை சொல்லமாட்டேன். அழுது ஜெபிக்க ஒருவருக்குத் தன் மொழி வேண்டும். அங்கே வருகிற வேறு மொழிக்காரருக்கு இடம் இருக்கிறதா, மற்றச் சபைகளோடு சேர்ந்து திருவிருந்து எடுக்கிறார்களா என்பதை மட்டும் கேட்பேன். ஆர்த்தடாக்ஸ் சபையிலும் இந்தச் சிக்கல் உண்டு. பல்கேரியர்களின் தனித் திருச்சபை விவகாரத்தில் 1872-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம், இனத்தின் அடிப்படையில் திருச்சபையை அமைப்பதைத் தவறான உபதேசம் என்று கண்டித்தது. இன்றும் மேற்கத்திய நகரங்கள் பலவற்றில் ஒரே ஊருக்குக் கிரேக்கர், ருஷ்யர், ருமேனியர் என்று தனித்தனி ஆயர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய இறையியலாளர்களே அதைக் குறை என்கிறார்கள்.

கறுப்பினத் திருச்சபைகள் பற்றிய உங்கள் கேள்விக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் போன்ற கறுப்பின விசுவாசிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் முழங்கால்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். இது உங்களுக்கான இடமில்லை என்று சொல்லி ஆலய நிர்வாகி ஒருவர் ஜோன்ஸை முழங்காலிலிருந்து இழுத்து எழுப்பினார். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று ஜோன்ஸ் கேட்டும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள். அந்த வழியில்தான் 1816-ல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை உருவானது. கதவைச் சாத்தியவரையும் வெளியே தள்ளப்பட்டவரையும் ஒரே தராசில் வைத்து "இரண்டு பேருமே பிரிவினைக்காரர்கள்" என்று சொல்வது நியாயமே இல்லை.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் நிறவெறியைச் சபையே ஆதரித்தது என்கிறார்கள். விசுவாசமுள்ள, வேதத்தை நம்புகிற சபை எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது?

மெல்ல மெல்ல. அங்கேயிருந்த டச்சு சீர்திருத்தத் திருச்சபை 1829-ல் நல்ல தீர்மானம்தான் போட்டது: திருவிருந்து நிறம் பாராமல் எல்லா அங்கத்தினருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும். 1857 சினட் (திருச்சபைப் பேரவை) கூட்டத்தில் அது இளகியது. எல்லாரும் ஒரே சபையில் இருப்பதே விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு, "சிலருடைய பலவீனத்தினால்" அது கிறிஸ்துவின் பணிக்குத் தடையாகிற இடங்களில் தனிக் கட்டடத்தில் கூடலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். பலவீனர் யார் என்று கேளுங்கள். கறுப்பினச் சகோதரரோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மனமில்லாத வெள்ளை அங்கத்தினர்கள்! பலவீனரைத் தாங்க வேண்டும் என்ற பவுலின் புத்திமதி இப்படிப் பலவான்களைத் தாங்குவதற்குப் பயன்பட்டது. 1881-ல் கலப்பினத்தவருக்கென்று தனி மிஷன் சபை வந்தது. விதிவிலக்கு விதியானது. 1948-க்குப் பிறகு அரசாங்கம் நாட்டையே அப்படிப் பிரித்தபோது சபையிடம் முன்மாதிரி தயாராக இருந்தது. 1974-ல் அந்தச் சபை ஏற்ற அறிக்கை பாபேல் கோபுரத்தையும் அப்போஸ்தலர் 17:26-ல் வரும் "குடியிருப்பின் எல்லைகளையும்" எடுத்துத் தனித்தனி வளர்ச்சிக்கு வேத ஆதாரம் காட்டியது. அதே வசனம் "ஒரே இரத்தத்தினாலே" என்று முதலில் சொல்வது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பெந்தெகொஸ்தே நாளில் அத்தனை மொழிக்காரரும் ஒரே செய்தியைக் கேட்டதும் தெரியும்.

எதிர்ப்பும் அதே குடும்பத்துக்குள்ளிருந்துதான் வந்தது. அந்தச் சபையின் போதகர் பேயர்ஸ் நாடே 1963-ல் தன் போதகப் பணியை விட்டு வெளியேறினார், பின்னால் அரசு அவருடைய நடமாட்டத்துக்கும் பேச்சுக்கும் தடை போட்டது. உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டணி 1982-ல் ஒட்டாவாவில், நிறவெறிக் கொள்கையை இறையியல்ரீதியாக நியாயப்படுத்துவது கள்ள உபதேசம் என்று அறிவித்து, அதை ஆதரித்த சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு கலப்பினத்தவருக்கென்று தொடங்கிய அந்த மிஷன் சபை பெல்ஹார் அறிக்கையை வரைந்து 1986-ல் ஏற்றது. ஒருமை, ஒப்புரவு, நீதி என்று மூன்றையும் அது ஒன்றோடொன்று பிணைக்கிறது. நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்த ஓர் அறிக்கை அது. பாதிக்கப்பட்டவர்களின் சபையிலிருந்து வந்தது, ஆனால் பழிவாங்கும் குரல் அதில் இல்லை. கூட வந்த கடிதத்தில் இது ஆட்களுக்கு எதிரானதல்ல, பொய்யான உபதேசத்துக்கு எதிரானது என்று சொல்லியிருந்தார்கள்.

கேள்வி: நீதி, ஒடுக்கப்பட்டவர் என்று பேசுவதெல்லாம் மார்க்சியத்தைச் சபைக்குள் நுழைப்பதுதானே? அமெரிக்காவில் பாப்திஸ்துகள் இதைத்தானே எதிர்க்கிறார்கள்?

அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்கு பாப்திஸ்து கூட்டமைப்பு 2019-ல், விமர்சன இனக் கோட்பாட்டை (இனவெறி தனிமனிதர் மனதில் மட்டுமல்ல, சட்டங்களிலும் அமைப்புகளிலும் ஊறியிருக்கிறது என்று பார்க்கும் கோட்பாடு) வேதத்துக்குக் கீழ்ப்பட்ட ஓர் ஆய்வுக் கருவியாக மட்டும் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. 2020 இறுதியில் அதன் ஆறு செமினரி (இறையியல் கல்லூரி) தலைவர்களும் அது தங்கள் விசுவாச அறிக்கைக்குப் பொருந்தாது என்று அறிவித்தார்கள். ஆறு பேருமே வெள்ளையர். கறுப்பினப் போதகர்கள் சிலர் கூட்டமைப்பைவிட்டுப் போனார்கள். ஒரு கோட்பாட்டை வேதத்தின் வெளிச்சத்தில் சோதிப்பது சபையின் கடமை, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மனித இயல்பைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் அந்தக் கோட்பாட்டாளர்கள் சொல்வதோடு கிறிஸ்தவர் முரண்படுகிற இடங்கள் உண்டு. ஆனால் கூலியைப் பிடித்து வைத்தவர்களைப் பற்றி யாக்கோபு 5:4 எழுதப்பட்டபோது கார்ல் மார்க்ஸ் பிறக்கவில்லை. தீர்க்கதரிசிகளான ஆமோஸும் ஏசாயாவும் பேசியதை ஒருவர் பேசினால், முதலில் அவர் சொல்வது உண்மையா என்று பாருங்கள். முத்திரை குத்துவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இயேசு வெள்ளைக்காரரா, கறுப்பரா?

கலிலேயாவைச் சேர்ந்த யூதர். இது சின்ன விவரமில்லை. 1939-ல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில், சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே இறையியலாளர்கள் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் ஆய்வுத் தலைவர் வால்டர் குருண்ட்மான் இயேசு யூதரே இல்லை என்று நிறுவப் பார்த்தார். தாவீதின் குமாரனை எடுத்துவிட்டால் மிஞ்சுகிறவர் சுவிசேஷங்களில் வருகிறவரல்ல.

கேள்வி: நான் வேறு இனத்தைச் சேர்ந்த விசுவாசியைத் திருமணம் செய்யப்போகிறேன். எஸ்றா 9, 10 அதிகாரங்களைக் காட்டி வீட்டார் எதிர்க்கிறார்கள். வேதம் தடுக்கிறதா?

தடுக்கவில்லை. எஸ்றாவின் நாளில் அந்நியப் பெண்களோடு செய்த திருமணங்களைக் கலைத்தார்கள்தான், ஆனால் அந்தத் தடைக்கான காரணத்தை உபாகமம் 7:4 சொல்லிவிடுகிறது: அந்நிய தேவர்களைச் சேவிக்கும்படி பிள்ளைகளை விலகப்பண்ணுவார்கள். இரத்தம் அங்கே பிரச்சினையில்லை, ஆராதனைதான். இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட மோவாபியப் பெண் ரூத்தும் கானானியப் பெண் ராகாபும் மத்தேயு 1-ல் இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே இருக்கிறார்கள். நீங்கள் இருவரும் ஒரே கர்த்தரைச் சேவிக்கிறீர்கள் என்றால் எஸ்றா உங்களுக்கு எதிராகப் பேசவில்லை.

இந்த எதிர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம். வர்ஜீனியாவில் வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் அவர் மனைவி மில்ட்ரெடும் திருமணம் செய்துகொண்டதே குற்றமானது. சர்வவல்லமையுள்ள தேவன் இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், அவை கலப்பது அவர் நோக்கமல்ல என்று அந்த வழக்கின் நீதிபதி தீர்ப்பில் எழுதினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. கண்டங்களைப் பற்றிய அந்த வசனம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் கிடைக்காது. உங்கள் வீட்டாரிடம் பொறுமையாகப் பேசுங்கள், அவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் வேதத்தின் பெயரால் தடுக்க விடாதீர்கள்.

கேள்வி: முன்னோர் செய்த பாவத்துக்கு நான் ஏன் மனந்திரும்ப வேண்டும்? "பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும்" என்றுதானே எசேக்கியேல் 18 சொல்கிறது?

தண்டனையைப் பற்றி எசேக்கியேல் சொல்வது சரி, அதை யாரும் தள்ளிவிட முடியாது. ஆனால் தானியேல் 9-லும் நெகேமியா 1-லும் நீதிமான்களான இரண்டு பேர் "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று பன்மையில் அறிக்கை செய்கிறார்கள், தகப்பன்மாரின் பாவத்தையும் சேர்த்து. குற்றவாளி என்று ஒத்துக்கொள்வதும், நான் எந்தக் குடும்பத்தின் சுதந்தரத்தை அனுபவிக்கிறேனோ அந்தக் குடும்பத்தின் கடனை என் கடனாக எடுத்துக்கொள்வதும் வெவ்வேறு.

தெற்கு பாப்திஸ்துகள் 1845-ல் பிரிந்ததற்குக் காரணம், அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனெரியாக இருக்கலாமா என்ற சண்டை. 150 ஆண்டுகள் கழித்து 1995-ல் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நல்லது. தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் மாநாட்டில் 1990-ல் இறையியலாளர் வில்லி யோங்கர் தன் பெயராலும் தன் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பெயராலும் குற்றத்தை அறிக்கையிட்டார், கறுப்பினப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து மன்னித்தோம் என்றார். எங்களைக் கேட்காமல் எப்படி மன்னிக்கலாம் என்று டூட்டுவிடம் கோபப்பட்ட கறுப்பினத்தவரும் உண்டு. அந்தக் கோபமும் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நிலம் போனவர்களுக்கு நிலம் திரும்பவில்லை. வரி வசூலித்த சகேயு மனம் வருந்துவதோடு நிறுத்தவில்லை, நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். மேரிலாந்தின் இயேசு சபையார் (ஜெசுயிட் துறவிகள்) 1838-ல் 272 அடிமைகளை விற்றார்கள், அந்தப் பணம் ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் கடனிலிருந்து காப்பாற்ற உதவியது. 2021-ல் இயேசு சபையார் அந்த மக்களின் சந்ததியாருக்காக 10 கோடி டாலர் திரட்டுவதாக வாக்குக் கொடுத்தார்கள். போதுமா போதாதா என்று விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் மனந்திரும்புதலுக்கு ஒரு தொகை உண்டு என்பதையாவது அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

கேள்வி: எங்கள் சபையில் பல இனத்தார் இருக்கிறோம். "எல்லாரும் ஒரே குடும்பம்" என்று பலகைகூட இருக்கிறது. ஆனால் முடிவெடுப்பவர்கள் எல்லாரும் ஒரே இனத்தார். இதைச் சொன்னால் முறுமுறுக்கிறேன் என்கிறார்கள். நான் சும்மா இருக்க வேண்டுமா?

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரமும் ஒரு முறுமுறுப்பில்தான் ஆரம்பிக்கிறது. கிரேக்க மொழி பேசும் யூத விதவைகள் அன்றாட விசாரணையில் (அன்றாட உதவி கொடுப்பதில்) கவனிக்கப்படவில்லை என்று புகார் வந்தது. ஆவிக்குரியவர்கள் இதையெல்லாம் பேசக்கூடாது என்று அப்போஸ்தலர் சொல்லவில்லை. சபையாரைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தி விசாரணையைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தியோகியா சபையின் தலைவர்கள் பட்டியலும் (13:1) அப்படித்தான் இருக்கிறது: நீகர் (கறுப்பர் என்று பொருள்) என்னப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுடன் வளர்ந்த மனாயீன்.

அதனால் சும்மா இருக்காதீர்கள். பொதுவாகக் குறை சொல்லாமல் குறிப்பாகக் கேளுங்கள்: உதவிப் பணம் யாருக்குப் போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், பிரசங்க மேடையில் யார் நிற்கிறார்கள், யாருடைய மொழியில் பாட்டு வருகிறது. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போதகரிடம் போங்கள், முடிந்தால் அதில் ஒருவராவது அந்தப் பெரும்பான்மை இனத்தவராக இருக்கட்டும். அடுத்த மூப்பர் தேர்தலுக்கு முன்பாகவே அந்தச் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள், போகும்போது அப்போஸ்தலர் 6-ஐத் திறந்து கையில் கொண்டுபோங்கள்.